அடைப்புக்குறிக்குள் ஒரு ஏஞ்சல்

கேள்வி: என் மகளுக்கு 5 வயது, யுகேஜி படிக்கிறாள். எங்கள் சபையின் சண்டே ஸ்கூல் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவளுக்கு ஆட்டுக்குட்டி வேஷம் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒரே குஷி. வீடு முழுக்க நாலு காலில் 'ம்மே' என்று சுற்றுகிறாள். என் ஓரகத்தியின் 11 வயது மகளுக்கு மரியாள் வேஷம். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. (மாமியாரிடம் ஏஞ்சல் வேஷம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சிறகு தைக்க நெட் துணிகூட வாங்கிவிட்டார். மகளும் கெட்டிக்காரி, பாட்டி போன் செய்தால் 'ஏஞ்சல்' என்று சரியாகச் சொல்லிவிடுவாள்.) டீச்சரிடம் பேசி நிஜமாகவே ஏஞ்சல் வேஷம் வாங்க முடியுமா? அவர் மனம் கோணாமல் எப்படிக் கேட்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாகர்கோவில்

பதில்: நவம்பர் கடைசி ஆனால் இந்தக் கடிதம் வந்துவிடும். ஊர் மாறும், வேஷம் மாறும். ஒரு வருடம் மேய்ப்பன், ஒரு வருடம் சத்திரக்காரன், போன வருடம் ஒரு பையனுக்கு நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடிக்கிற வேலை. ஆட்டுக்குட்டியும் முக்கியமான வேஷம்தான், வருத்தப்படாதீர்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். அந்த ஆறுதல் யாருக்கு? உங்கள் மகள்தான் குதித்துக்கொண்டிருக்கிறாளே.

டீச்சர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போகாதீர்கள். 11 வயதுப் பெண்ணுக்கு மரியாள் வேஷம் போனதில் ஒரு சதியும் இல்லை. 5 வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் பாதி நாடகத்தில் பாலன் இயேசு பொம்மையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும். அம்மாமார் டீச்சரைப் பார்க்கப் போனால் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். மத்தேயு சுவிசேஷத்தில் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்தார்கள் என்றுதான் இருக்கிறது, எத்தனை பேர் என்று இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருப்பதால் ஆளும் மூன்றானார்கள். அந்தச் சந்தில் புகுந்து ஒரு சபையில் 7 சாஸ்திரிகளை ராஜா வேஷத்தில் மேடையேற்றிவிட்டார்கள். நாலு பேருக்குக் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பிள்ளை பிறந்த அந்த இரவில் மரியாள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் அசிசி பிரான்சிஸ் என்ற துறவி வைக்கோல் பரப்பி அந்தக் காட்சியை அமைத்தபோது கொண்டுவந்து நிறுத்தியது ஒரு மாட்டையும் ஒரு கழுதையையும். பெரிய வேஷம், சின்ன வேஷம் என்ற சண்டை அப்புறம் நாம் சேர்த்தது. இது ஆறுதல் இல்லை, தகவல்.

இனி நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டதற்கு வருகிறேன். கேள்வியை விட்டுவிட்டு அதையே நாலு தடவை படித்தேன்.

போன் அடிக்கிறது. பிள்ளை அப்போதும் ஆட்டுக்குட்டியாக எங்கேயோ கட்டிலுக்கு அடியில் இருக்கிறாள். நீங்கள் கண்ணைக் காட்டுகிறீர்கள். எழுந்து வந்து போனை வாங்கி, "ஏஞ்சல், பாட்டி" என்கிறாள். போனை வைத்த பிறகு மறுபடி நாலு காலில் போகிறாளா? அதை நீங்கள் எழுதவில்லை. கவனித்தீர்களா?

கெட்டிக்காரியாம்! பெருமை வேறு. அப்பாவைப் பெற்றவளிடம் பொய் சொல்ல 5 வயதிலேயே பழக்கியிருக்கிறீர்கள். அதுகூடப் போகட்டும். ஆட்டுக்குட்டி என்றால் குறைச்சல் என்று அந்தப் பிள்ளைக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. டீச்சர் சந்தோஷமாகக் கொடுத்தார், இவள் சந்தோஷமாக வாங்கி வந்தாள். மறைக்க வேண்டிய சமாச்சாரம் என்று முதலில் காட்டிக்கொடுத்தது பெற்ற தாயின் கண்.

நாடகத்தன்று உங்கள் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து, ஏஞ்சல் கூட்டத்தில் பேத்தியைத் தேடுவார். பாலன் இயேசுவைக் கிடத்தும் முன்னணைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் பிள்ளை, பாட்டி தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்போது அவளுக்கு 'ம்மே' வருமா?

இன்றைக்கே பிள்ளையை மடியில் உட்கார வைத்து, "அம்மா பொய் சொன்னேன், உன்னையும் சொல்ல வைத்தேன், அது தப்பு" என்று சொல்லுங்கள். விளக்கமெல்லாம் வேண்டாம். உடனே மாமியாருக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுங்கள். அவளே சொல்லட்டும். நடுவில் புகுந்து, "ஏஞ்சல்தான் கொடுத்தாங்க அத்தை, அப்புறம் மாத்திட்டாங்க" என்று சமாளித்தீர்களானால் அது இரண்டாவது பொய். அவர் நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நெட் துணிக்குக் காசு கொடுத்தவர் அவர்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஓரகத்தியின் மகள் உங்களை எப்படிக் கூப்பிடுகிறாள்? சித்தியா, பெரியம்மாவா? எதுவானாலும் அதற்குள் ஒரு அம்மா இருக்கிறாள். உங்கள் கடிதத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வயதும் ஒரு வேஷமும்தான் இருக்கிறது. சபை மொத்தமும் பார்க்க அசையாமல் உட்கார்ந்திருக்க அவளுக்குக் கூச்சமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஒரு வீட்டுப் பிள்ளைகளை எதிரெதிராக நிறுத்தி மார்க் போடுவது எனக்கு ஆகவே ஆகாது. அன்றைக்கு அவளுக்கு முக்காடு போட்டு ஊக்குக் குத்திவிடும் வேலையை ஓரகத்தியிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

ஆட்டுக்குட்டிக்குப் பழைய முழுக்கை வெள்ளை பனியன் போதும். பஞ்சை ஊசி நூலால் பிடித்துத் தையுங்கள். பசை போட்டு ஒட்டினால் விறைத்துக்கொண்டு கழுத்தில் அரிக்கும், பிள்ளை மேடையிலேயே சொறியும். தவழ்ந்து வர வேண்டியிருப்பதால் பேன்ட்டுக்குள் முழங்காலில் பழைய சாக்ஸை வெட்டி மாட்டிவிடுங்கள். நெட் துணியை ஏஞ்சல் வேஷம் போடும் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். காதை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், மாமியார் தைக்கட்டும்.