ஆணுக்கும் மாமோகிராமா?

கேள்வி: என் வயது 61. இடது மார்புக்காம்புக்குப் பின்னால் ஒரு கட்டி, காம்பில் ரத்தக் கசிவு. பயாப்சியில் ‘பாப்பில்லரி வகைப் புற்றுநோய்’ என்று வந்திருக்கிறது. ஆணுக்கு இது எப்படி வரும்? மாமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) போகவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சத்தைத் தள்ளி வையுங்கள் ஐயா. ஆண்களுக்கும் மார்பகத் திசு உண்டு. மார்பகப் புற்றுநோயாளிகளில் சுமார் 1 சதவீதம் பேர் ஆண்கள். ‘கொழுப்புக் கட்டிதானே’ என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. நீங்கள் காட்டிவிட்டீர்கள், நல்லது.

விரல் போன்ற நீட்சிகளாக வளரும் இந்தப் பாப்பில்லரி வகை அரிது. பெரும்பாலும் மெதுவாகவே வளரும். ஆனால் ஊசியில் எடுத்த துணுக்கை மட்டும் வைத்து, அது சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முழுக் கட்டியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்களுக்குத் திசு குறைவு என்பதால் பெரும்பாலும் அந்தப் பக்க மார்பகத்தையே அகற்றுவார்கள். தேவைப்பட்டால் அக்குள் நிணநீர்க் கணுவையும் சோதிப்பார்கள். ஊடுருவியிருந்து, புற்றுசெல்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியும் இருந்தால், அந்த ஹார்மோன் அங்கே வேலை செய்யாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை, வழக்கமாக 5 ஆண்டுகள். அதைச் சாப்பிடும்போது ஒரு காலில் மட்டும் வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், பிஆர்சிஏ2 மரபணுப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இந்த மரபணுவில் கோளாறு இருந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும்; அது பரம்பரையாகவும் வரலாம். உங்கள் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அந்த முடிவு தேவைப்படும்.