பழைய லாங்போவா, புதிய லாங்போவா? கேள்வி பதில்

ஆங்கில நெடுவில், அதாவது லாங்போ பற்றி வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். நான் எய்வது மரவில். என் பதில்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

கேள்வி: பழைய லாங்போ என்றால் எவ்வளவு பழையது சார்? அசல் வில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

"பழையது" என்று சொல்லி இரண்டு வேறு வில்களைக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது போர் வில். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய கிரெசி (1346), அஜின்கோர்ட் (1415) சண்டைகளில் பேர் வாங்கியது அதுதான். அந்த வகையில் இன்று நாம் தொட்டுப் பார்த்து அளக்க முடிவது பெரும்பாலும் மேரி ரோஸ் கப்பலில் கிடைத்தவை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அந்தப் போர்க்கப்பல் 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. 1982இல் மேலே தூக்கினார்கள். காற்றுப் படாமல் சேற்றில் புதைந்து கிடந்ததால் 137 முழு வில்களும் சுமார் 3,500 அம்புகளும் தப்பின.

இரண்டாவது விளையாட்டு வில். 1781இல் சர் ஆஷ்டன் லீவர் லண்டனில் டாக்ஸோஃபிலைட் சொசைட்டி என்ற வில்வித்தைச் சங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் வளர்ந்த இலக்கு விளையாட்டுக்காக இழைத்தது இது. பழைய பொருள் கடைகளில் "அசல் பழைய லாங்போ" என்று விற்பது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: ரெண்டுக்கும் பார்த்தவுடன் தெரியும் வித்தியாசம் என்ன?

நடுவில் பாருங்கள். மேரி ரோஸ் வில்லில் கைப்பிடி என்று தனியாக எதுவும் கிடையாது, தோல் சுற்றியிருக்காது. இழுத்தால் நடுப்பகுதியும் சேர்ந்தே வளையும். விளையாட்டு வில்லில் நடுப்பகுதியைத் தடிமனாக விட்டு, வளையாதபடி செய்து, தோலோ வெல்வெட்டோ சுற்றிவிடுவார்கள். எய்யும்போது கைக்கு அதிர்ச்சி குறையும். குறி பார்த்து எய்பவனுக்கு அது முக்கியம்.

அப்புறம் முனை. மேரி ரோஸ் வில்களின் நுனியில் ஒரு சிறு பகுதி மட்டும் நிறம் வெளுத்திருக்கும். அங்கே கொம்பு மாட்டியிருந்தார்கள். கொம்பு கடலில் கரைந்துவிட்டது, அது மூடியிருந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் நின்றுவிட்டது. நாண் மாட்ட வெட்டிய பள்ளம் பக்கவாட்டில் ஒன்றுதான். பின்னால் வந்த வில்களின் கொம்பில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும்.

கேள்வி: 150 பவுண்டு இழுத்தார்கள் என்பது கதையா, உண்மையா?

உண்மை. மேரி ரோஸ் வில்கள் ஏறத்தாழ 1.87 முதல் 2.11 மீட்டர் நீளம். அவற்றின் இழுவிசை, அதாவது முழுதாக இழுக்கத் தேவையான பலம், 100 முதல் 185 பவுண்டு வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதலில் எனக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் எலும்பு பொய் சொல்லாது. தோள்பட்டை எலும்பின் நுனி வளரும் வயதில் மற்ற பகுதியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் அது ஒட்டவே இல்லை. சிறுவயது முதல் கனமான வில் இழுத்ததால்தான் இப்படி என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

150 பவுண்டு நகல் வில் ஒன்றால் எய்து பார்த்ததில் 53.6 கிராம் அம்பு 328 மீட்டர் போனது, 95.9 கிராம் அம்பு சுமார் 250 மீட்டர். அம்பின் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பானாலும் தூரம் கால்பங்குதான் குறைந்தது. கனமான அம்பைத் தள்ளுவதற்கென்றே செய்த வில் அது. நம் மெல்லிய இலக்கு அம்பை அதில் வைத்து எய்தால் அம்பு நொறுங்கிக் கையில் ஏறலாம். விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள்.

கேள்வி: பழைய லாங்போக்களை யூ மரத்தில் செய்தார்களாமே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

உள்ளே செம்பழுப்பு வைரம் (முற்றிய உள்மரம்), வெளியே வெளிர் நிற வெளிறு (இளமரம்). வைரம் அழுத்தத்தைத் தாங்கும், வெளிறு இழுப்பைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கட்டையை வெட்டி, வைரம் எய்பவரைப் பார்க்க, வெளிறு இலக்கைப் பார்க்க வைத்தால் இரண்டு மரம் ஒட்டிய வில் இயற்கையாகவே கிடைத்துவிடுகிறது. நல்ல யூ இங்கிலாந்திலேயே போதவில்லை. அதனால் 1472இல் ஒரு சட்டம் போட்டார்கள்: சரக்குக் கப்பல் கொண்டுவரும் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்கட்டை சேர்த்துத் தர வேண்டும். இன்று யூவுக்குப் பதில் ஹிக்கரி மரத்தையோ மூங்கிலையோ வில்லின் முதுகில், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில் ஒட்டி, உள்ளே வேறு மரம் வைத்து அதே வேலையை வாங்குகிறார்கள். விலையும் குறைவு. நல்ல கைக்காரர் செய்ததென்றால் குறை சொல்ல முடியாது.

கேள்வி: அண்ணா, என்னிடம் 45 பவுண்டு மர லாங்போவும் 45 பவுண்டு கிளாஸ் ஃபைபர் லாங்போவும் இருக்கின்றன. ஒரே அம்புதான். கிளாஸ் வில் ஏன் வேகம்?

பவுண்டு என்பது முழுதாக இழுத்த பிறகு விரலில் தெரியும் கனம் மட்டும்தான். அதுவரை வில் எவ்வளவு சக்தியைச் சேர்த்தது, அதில் எவ்வளவு அம்புக்குப் போனது என்பதுதான் விஷயம். 1930களில் அமெரிக்காவில் ஹிக்மன், கிளாப்ஸ்டெக் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். ஆங்கில வில்லின் ஒடுக்கமான, ஆழமான டி வடிவம் (குறுக்கே வெட்டினால் ஆங்கில D எழுத்து போலத் தெரியும்) மரத்தின் உட்புறத்தை அளவுக்கு மீறி நசுக்குகிறது. தட்டையாக, அகலமாகச் செய்தால் அழுத்தம் பரவும் என்று கண்டார்கள். உங்கள் கிளாஸ் வில் அந்த வழியில் வந்தது. முனை மெலிந்து லேசாக இருப்பதால் தன்னையே தள்ளுவதில் வீணாகும் சக்தி குறைவு. மரவில் கொஞ்சநாளில் நாண் பக்கம் வளைந்தே நின்றுவிடும், அங்கேயும் சக்தி போகும்.

இன்னொன்று: கிளாஸ் வில்லில் அம்பு வைக்க நடுக்கோட்டுக்கு அருகே ஒரு படி வெட்டியிருப்பார்கள். மரவில்லில் அம்பு உங்கள் கைமுட்டி மேல் உட்கார்ந்து, வில்லைச் சுற்றி வளைந்து போயாக வேண்டும். அம்பின் விறைப்பு பொருந்தவில்லை என்றால் பக்கவாட்டில் ஓடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே அம்பை வைத்து ஒப்பிட்டால் மரவில்லுக்கு அநியாயம்.

கேள்வி: பழைய மரவில்லுக்கு ஃபாஸ்ட் ஃப்ளைட் நாண் போடலாமா?

வேண்டாம். அது நவீன செயற்கை இழை நாண். நீளாது, அதிர்ச்சி முழுவதும் முனைக்குப் போகும். கொஞ்சம் நீளும் டாக்ரான் (பாலியஸ்டர்) நாண் போடுங்கள்.

கேள்வி: ஏலத்தில் நூறு வருஷத்துக்கு மேல் பழைய விளையாட்டு வில் ஒன்று வாங்கினேன். எய்யலாமா?

நாண் ஏற்றுவதற்கு முன் வில்லின் உட்புறத்தை, அதாவது உங்களைப் பார்க்கும் பக்கத்தை, சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கே முடி போன்ற கோடுகள் தெரிகின்றனவா? நகத்தை மெதுவாக இழுத்தால் அந்த இடத்தில் இடறுகிறதா? அங்கே மரம் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதோடு விட்டுவிடுங்கள். கோடே இல்லாவிட்டாலும் நானாக இருந்தால் சுவரில்தான் மாட்டுவேன்.

கேள்வி: போட்டியில் எதை அனுமதிப்பார்கள்?

பிரிட்டனில் லாங்போ பிரிவு என்றால் வில் மரம் மட்டும்தான், மர அம்பு, இறகு. வில்லின் ஆழம் எந்த இடத்திலும் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது. தட்டை வில் நுழையாமல் இருக்கத்தான் இந்த விதி. கிளாஸ் வில்லுக்கு வேறு பிரிவு பார்க்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன், புதிதாகக் கற்கிறேன். எது வாங்கலாம்?

30 பவுண்டு, கிளாஸ் ஒட்டியது. வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும் ஊரில் தனி மரவில்லைப் பராமரிப்பது தலைவலி. ஈரம் ஏறினால் மந்தமாகும், ரொம்பக் காய்ந்தால் முறியும். கிளாஸ் வில்லையும் பூட்டிய காருக்குள் வெயிலில் விடாதீர்கள், சூட்டில் பசை விட்டுப்போகும். மரவில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் மூங்கில் முதுகு வைத்ததைப் பாருங்கள், எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள்.