அமிர்தபாலாவுக்கு ஆஸ்டீரியஸ்: மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வீட்டு மாடியில் கள்ளிச்செடிகள் வளர்க்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான சேலத்துக்காரர் ஒருவர், தன்னிடமுள்ள ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ் கள்ளியைத் தருகிறேன், பதிலுக்குப் பொதிகைமலை அமிர்தபாலா வேண்டும் என்கிறார். பாபநாசத்தில் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் கிழங்கோடு எடுத்துவந்து தருவதாகச் சொல்கிறார். மாற்றிக்கொள்ளலாமா? இன்னொன்று: கூரியரில் வாங்கும் கள்ளிகளில் பாதிக்குமேல் வந்த சில நாட்களிலேயே அழுகிவிடுகின்றன. ஏன்?

பதில்: அண்ணாச்சிக்கு இன்றே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், பாறைச் சரிவுகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிற செடி அமிர்தபாலா. அழிவின் விளிம்பில் இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே என்றால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள்ளிருந்து செடியைப் பிடுங்கி வருவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர் திரும்பும்போது பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் அதே குற்றம்தான்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ‘கிழங்கோடு’ என்கிறாரே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தச் செடிக்கு உயிர் கிழங்கில்தான் இருக்கிறது. தோண்டிவிட்டால் அந்த இடத்தில் மறுபடி துளிர்க்க ஒன்றும் மிஞ்சாது. அறுபட்ட கிழங்கு சேலத்துத் தொட்டியில் பிழைக்கும் என்றும் நம்ப முடியாது. மாகாளிக்கிழங்கு இதற்கு நெருங்கிய சொந்தம். வாசனையிலும் சாயல் உண்டு. செடியைப் பார்க்காமல் கிழங்கை மட்டும் வாங்குகிறவருக்கு எது வந்து சேர்ந்தது என்றே தெரியாது.

அப்படியானால் சேலத்துக்காரருக்கு என்ன கொடுப்பது? கள்ளிமுளையான் கொடுங்கள். நம் பக்கத்துப் பொத்தைகளிலும் மானாவாரிக் காட்டு வேலியோரங்களிலும் இருப்பது, துவையலுக்கு ஒடிக்கிறோமே, அந்த நாலுபட்டைத் தண்டுதான். நமக்குக் கீரை மாதிரி. சதைப்பற்றுச் செடி சேகரிப்பவர்களுக்கு அது பொக்கிஷம். சொந்தக் காட்டிலோ, கேட்டுக்கொண்டு தெரிந்தவர் காட்டிலோ, வேரைத் தொடாமல் நுனித்தண்டு இரண்டை ஒடியுங்கள். வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் போட்டுவிட்டு மணலில் குத்திவைத்தால் வேர்விடும். அது தழைத்த பிறகு அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள். சிறியாநங்கை விதை, கருநொச்சிப் போத்து இவற்றையும் கூடச் சேர்க்கலாம். ஆடுதீண்டாப்பாளைக்கும் குழுக்களில் நல்ல கிராக்கி. ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும் செடி என்பதால் வளர்க்கலாம், கொடுக்கலாம். ஆனால் ‘மூலிகைதானே’ என்று யாரும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

சரி, அவருடைய ஆஸ்டீரியஸுக்கு வருவோம். மெக்சிகோவுக்கும் அதை ஒட்டிய டெக்சாசுக்கும் சொந்தமான முள்ளில்லாத கள்ளி இது. காட்டிலிருந்து திருடித் திருடியே அருகிப்போனதால், அருகிவரும் உயிரினங்கள் நாடு விட்டு நாடு விற்கப்படுவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. விதை போட்டு வளர்த்த செடிகள் நம் நாட்டில் நிறையவே கைமாறுகின்றன, அதனால் பயப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் மேலிருந்து எடுத்த படம் போதாது. பக்கவாட்டிலிருந்து ஒன்று, மண்ணை உதறிவிட்டு வேரோடு ஒன்று கேளுங்கள். விதைச்செடி என்றால் உடலைப் பாளம் பாளமாகப் பிரிக்கும் எட்டு விலாவும் அளவெடுத்ததுபோல் இருக்கும், வேர் மெல்லிசாகப் பரவியிருக்கும். வயதான தொட்டிச் செடியிலும் அடியில் பழுப்புப் பட்டை கட்டும், ஆனால் அது கீழிருந்து சீராக ஏறும். ஒருபக்கம் மட்டும் வெயிலில் வெந்த தழும்பு, கோணல்மாணலான விலா, வெட்டி ஆறிய தடித்த வேர் இவையெல்லாம் சேர்ந்திருந்தால் காட்டில் தோண்டியதாக இருக்கலாம், வாங்காதீர்கள். டிராகன் பழத் தண்டில் ஒட்டுக்கட்டியதா என்பதையும் கேளுங்கள். ஒட்டுச்செடி கிடுகிடுவென்று பருக்கும். அந்தப் பருமனைக் காட்டிப் பல வருடச் செடி என்று சொல்கிறவர்கள் உண்டு.

நானாக இருந்தால் ஒரு பெரிய செடிக்குப் பதில், வெவ்வேறு விதையில் முளைத்த இரண்டு சின்னச் செடிகளைக் கேட்பேன். ஆஸ்டீரியஸ் பொதுவாகத் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. இரண்டும் ஒரே நாளில் பூக்கும்போது மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை மாற்றித் தடவினால் காய் பிடிக்கும். விதை தொப்பி வடிவில், மற்றப் பல கள்ளிகளின் விதையைவிடப் பெரிசாக இருக்கும். வைத்திருக்காமல் உடனே விதையுங்கள். நாள்பட்டால் முளைப்புத்திறன் குறையும். அதற்கு வேண்டிய சூடு நம் ஊரில் தாராளம். விற்பனைக்கென்றே பெருக்கத் தொடங்கினால் மட்டும் முதலில் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், சைட்டிஸ் முதல் பட்டியல் இனங்களைப் பெருக்குகிறவர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கிறது.

இனி அழுகல். அநேகமாக, பெட்டியைப் பிரித்த அன்றே நட்டுத் தண்ணீர் விடுகிறீர்கள். பயணத்தில் அறுபட்ட வேரில் ஈரம் பட்டால் பூஞ்சை புகுந்துவிடும். வந்ததும் வேரைப் பாருங்கள்: வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி, கழுவிக் காயவிடுங்கள். எப்படியும் சில நாள் நிழலில் வெறும் வேரோடு கிடக்கட்டும். பிறகு காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். கலவையில் பாதிக்குமேல் பருமணலும் சலித்த செங்கல் உடைசலும் இருக்க வேண்டும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் சிவப்பாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் ரொம்பப் பொடி, தொட்டிக்கு ஆகாது.

பருவமும் முக்கியம். கள்ளிகள் மூச்சுத்துளையைத் திறப்பது இரவில். சித்திரை, வைகாசியில் இரவும் புழுங்குவதால் பல கள்ளிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அப்போது ஊற்றும் தண்ணீர் வேரிலேயே நின்று அழுகவைக்கும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் காற்று அம்பை வரைக்கும் வந்து இரவு குளிர்ந்தபின் வாங்குங்கள், நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பார்சலே வேண்டாம். அனுப்புகிறவரிடம் மண்ணை உதறி, காயவைத்து, பிளாஸ்டிக் உறை போடாமல் செய்தித்தாளில் சுற்றித் திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். வாரக்கடைசியில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடோனில் வெந்துகொண்டிருக்கும்.