போலி கிளாஸ் போட்டும் நிஜ எஸ்எம்எஸ் போகிறதே?

கேள்வி: மொரீஷியஸின் எபெனில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடிப் பதிவுக்காகப் பைத்தானில் ஒரு சின்ன ஆப் எழுதினேன். பெயர் பதிவானதும் பக்தருக்கு எஸ்எம்எஸ் போகும். அனுப்பும் கிளாஸை யூனிட் டெஸ்ட்டில் (கோடின் ஒரு பகுதியை மட்டும் சோதிக்கும் டெஸ்ட்) மாக் செய்துவிட்டேன், அதாவது அசலுக்குப் பதில் போலியை வைத்துவிட்டேன். ஆனாலும் டெஸ்ட் ஓட்டினால் நிஜமாகவே எஸ்எம்எஸ் போகிறது. எங்கே தப்பு? (வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: முதல் வேலையாக டெஸ்ட்டில் இருக்கும் போன் நம்பரை எடுத்துவிடுங்கள். 5-இல் தொடங்கும் எட்டு இலக்கம் எதை எழுதினாலும் அது மொரீஷியஸில் யாரோ ஒருவருடைய மொபைலாக இருக்கலாம்.

நீங்கள் அனுப்பிய கோடில் 'பதிவு' மாட்யூலின் முதல் வரி 'ஃப்ரம் எஸ்எம்எஸ் இம்போர்ட் கிளையன்ட்'. இந்த வரி ஓடிய நொடியிலேயே 'கிளையன்ட்' என்ற பெயர் 'பதிவு' மாட்யூலுக்குள் தனியாக உட்கார்ந்துவிடுகிறது. நீங்கள் பேட்ச் செய்ததோ (டெஸ்ட் ஓடும்வரை அசலை எடுத்துவிட்டுப் போலியை வைத்ததோ) 'எஸ்எம்எஸ்.கிளையன்ட்'. அங்கே போலி வந்துவிட்டது, சரி. ஆனால் 'பதிவு' கையில் இருப்பது பழைய அசல்தான். ஆகவே பேட்ச் செய்ய வேண்டியது 'பதிவு.கிளையன்ட்'. கிளாஸ் எழுதப்பட்ட இடம் எதுவானாலும், அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில்தான் பேட்ச். வெறும் 'இம்போர்ட் எஸ்எம்எஸ்' என்று போட்டு 'எஸ்எம்எஸ்.கிளையன்ட்()' என அழைத்திருந்தால் உங்கள் பழைய பேட்ச்சே வேலை செய்திருக்கும்.

அடுத்த பள்ளம் இதைவிட மோசம், ஏனென்றால் எரரே வராது. உங்கள் கோடு 'கிளையன்ட்()' என்று ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதன் 'அனுப்பு' மெத்தடை அழைக்கிறது. டெஸ்ட்டில் நீங்கள் போலி கிளாஸுக்கு 'போலி' என்று பெயர் வைத்து, 'போலி.அனுப்பு.ரிட்டர்ன்_வேல்யூ = ஃபால்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள் (ரிட்டர்ன்_வேல்யூ என்பது அழைத்தால் திரும்பி வரும் மதிப்பு). அது கிளாஸின் மேல் ஒட்டுகிறது, ஆப்ஜெக்ட்டுக்குப் போய்ச் சேராது. போலி கிளாஸை அழைத்தால் கிடைப்பது அதன் ரிட்டர்ன்_வேல்யூ. அதனால் 'போலி.ரிட்டர்ன்_வேல்யூ.அனுப்பு.ரிட்டர்ன்_வேல்யூ = ஃபால்ஸ்' என்று எழுத வேண்டும். நீளம்தான், என்ன செய்வது! இதைத் தவறவிட்டால் 'அனுப்பு' இன்னொரு மாக் ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தரும். 'இஃப்' அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். எஸ்எம்எஸ் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று சோதிப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், டெஸ்ட்டோ எப்போதும் போய்ச் சேர்ந்த கதையையே ஓட்டிக்கொண்டிருக்கும்.

கன்ஸ்ட்ரக்டருக்குப் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் அழைப்புக்கு) போன ஏபிஐ கீ (எஸ்எம்எஸ் சேவைக்கான ரகசியச் சாவி) சரியா என்று பார்க்க 'போலி.அசர்ட்_கால்ட்_ஒன்ஸ்_வித்' போதும். ஒன்றுக்கு மேல் ஆப்ஜெக்ட் உருவாக்கினால் எல்லாமே ஒரே ரிட்டர்ன்_வேல்யூதான் என்பதை மறக்காதீர்கள். தனித்தனியாக வேண்டுமென்றால் போலியின் சைட்_எஃபெக்ட்டில் ஒரு லிஸ்ட் கொடுங்கள், ஒவ்வொரு அழைப்புக்கும் அதிலிருந்து வரிசையாக ஒன்று வரும்.

பேட்ச்சில் 'ஆட்டோஸ்பெக்=ட்ரூ' சேர்ப்பதை நான் எப்போதும் வற்புறுத்துவேன். அசல் கிளாஸின் வடிவத்தையே போலிக்கும் கொடுப்பது அது. இல்லாத மெத்தடை அழைத்தாலோ ஆர்க்யுமென்ட் கூடக்குறைய இருந்தாலோ அப்போதே கத்தும். ஒரு குறை: '__இனிட்__' (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தட்) உள்ளே மட்டும் உருவாகும் ஆட்ரிபியூட்டுகள் அதன் கண்ணில் படாது, அவற்றை நீங்களே வைத்துக் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் எஸ்எம்எஸ் போனால், மாட்யூலின் மேல்மட்டத்திலேயே 'அனுப்புநர் = கிளையன்ட்()' என்று இருக்கிறதா பாருங்கள். இம்போர்ட் ஆகும்போதே அசல் ஆப்ஜெக்ட் பிறந்துவிடுவதால் கிளாஸைப் பேட்ச் செய்து பயனில்லை, 'பதிவு.அனுப்புநர்' என்ற அந்த ஆப்ஜெக்ட்டையே பேட்ச் செய்யுங்கள். ஆப் உங்களுடையதுதானே, இன்னும் நல்ல வழி உண்டு: பதிவு செய்யும் ஃபங்ஷனுக்கு அனுப்புநரை ஒரு பாராமீட்டராகக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் டெஸ்ட்டில் ஒரு மாக்கை நேராக உள்ளே தள்ளலாம், பேட்ச்சே வேண்டாம்.