தோற்காதவர் ஏன் ஆறாவது இடத்தில்?

அன்புள்ள ஐயா,

ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் தலைசிறந்த பத்துப் பேரை வரிசைப்படுத்தி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அலி, ஜோ லூயிஸ், லெனாக்ஸ் லூயிஸ், லாரி ஹோம்ஸ், ஃபோர்மன் என்று போய் ஆறாவதாகத்தான் ராக்கி மார்சியானோ வருகிறார். 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட். அவரை ஆறாவது இடத்தில் உட்கார வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஐந்து முறை தோற்ற அலிக்கு முதலிடம்! என் அப்பா 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அலியை நேரில் பார்த்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அலியைப் பற்றி மறுபேச்சே கிடையாது. ஆனால் சாயங்காலம் சில்வர் பீச்சில் என்னோடு பயிற்சி செய்யும் பசங்களுக்கு டைசன்தான் எல்லாம். அவரைக் கடைசி இடத்தில் போட்டதில் அவர்களுக்கு உங்கள் மேல் கடும் கோபம். உக்ரைன் வீரர் உசிக் பெயரையே காணோமே என்றும் கேட்கிறார்கள்.

கே., மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள கே.,

தோல்வியே இல்லாமல் ஓய்வு பெறுவது பெரிய விஷயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் தோற்றதே இல்லை என்றால் அடுத்து நான் பார்ப்பது, எதிரே நின்றது யார், அன்று அந்த ஆள் எந்த நிலையில் இருந்தார் என்பதைத்தான். அதற்குப் பிறகு, மோசமாக அடிவாங்கிய நாளில் இவர் என்ன செய்தார் என்று பார்ப்பேன். என் பட்டியல் முழுக்க இந்த இரண்டை வைத்துப் போட்டதுதான்.

மார்சியானோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951-ல் ஜோ லூயிஸை வீழ்த்தினார். லூயிஸுக்கு அப்போது வயது 37, ஓய்வு பெற்றுவிட்டுப் பணக் கஷ்டத்தால் மறுபடி ரிங்குக்கு வந்தவர். 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட்டிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். வால்காட்டுக்கு 38. 1954-ல் இரண்டு முறை மோதிய எஸ்ஸார்ட் சார்ல்ஸ் தன் நல்ல காலத்தைத் தாண்டியிருந்தார். கடைசிச் சண்டையில் எதிரே நின்ற ஆர்ச்சி மூர் நாற்பதை ஒட்டிய வயதில் இருந்தார். எல்லோரும் மேதைகள்தான், ஆனால் எல்லோரும் சாயங்காலத்து வெயில். இது மார்சியானோவின் குற்றமல்ல. அவர் காலத்தில் இருந்தவர்கள் அவர்கள்தான்.

அவருக்கு நான் ஆறாவது இடம் கொடுத்ததும் அந்த 49-க்காக அல்ல, வால்காட் சண்டைக்காக. முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்தார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். 13-வது ரவுண்டில் வால்காட்டைக் கயிற்றோரம் தள்ளிப்போய் ஒரு சின்ன வலது கைக் குத்து விட்டார். வால்காட் ஒரு கை கயிற்றில் மாட்டியபடி மெல்லச் சரிந்தார். ஏறத்தாழ 84 கிலோ எடை, கையும் குட்டை, அழகான ஆட்டமும் கிடையாது. அந்த ஆள் அந்த ஒரு குத்துக்காகப் பன்னிரண்டு ரவுண்டு அடிவாங்கிக் காத்திருந்தார். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமே அதுதான்.

சரி, அலிக்கு வருவோம். அவருடைய ஐந்து தோல்விகள் ஃப்ரேசியர், நார்ட்டன், லியோன் ஸ்பிங்க்ஸ், ஹோம்ஸ், பெர்பிக் ஆகியோரிடம். முதல் மூன்று பேரையும் திரும்ப மோதி ஜெயித்துவிட்டார். கடைசி இரண்டும் 38, 39 வயதில், உடம்பு ஒத்துழைக்காத காலத்தில் நடந்தவை. அவற்றை நடத்தியே இருக்கக் கூடாது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967-ல் பட்டம் பறிபோய், மூன்றரை வருடம் ரிங்கில் ஏறவே முடியவில்லை. 25 வயது முதல் 28 வயது வரை, ஒரு குத்துச்சண்டை வீரனின் பொன்னான காலம் அது.

அதற்குப் பிறகுதான் 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் ஃபோர்மனோடு நடந்த சண்டை. ஃபோர்மன் அப்போது 40 சண்டையில் தோல்வியே காணாதவர், அதில் 37 நாக் அவுட். அலியைத் தோற்கடித்த ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் தலா இரண்டே ரவுண்டில் முடித்திருந்தார். எல்லோரும் பேசுவது அலி கயிற்றில் சாய்ந்து அடிவாங்கிய தந்திரத்தை. உங்கள் பசங்கள் முதல் ரவுண்டைப் பார்க்கட்டும். முன்னால் இருக்கும் இடது கையால் ஜாப் எனும் நேரான சின்னக் குத்தைப் போட்டு வழி செய்யாமல், நேராக வலது கையை முதலில் விடுகிறார் அலி. பின்னால் இருக்கும் கை என்பதால் அது வந்துசேர அதிக தூரம், எதிராளிக்குத் தப்பிக்க நேரம் கிடைக்கும். தேர்ந்த வீரன்மேல் யாரும் அப்படி விடத் துணியமாட்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய அடிக்காரன் முன்னால் நின்றுகொண்டு அலி அதைத் திரும்பத் திரும்பச் செய்தார், பெரும்பாலும் பட்டது. எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் சுழன்று விழுந்ததற்கு அஸ்திவாரம் அங்கேயே போட்டாயிற்று. லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன் என்று இத்தனை பேரை வென்ற வேறொரு ஹெவிவெயிட் எனக்குத் தெரிந்து கிடையாது. உங்கள் அப்பா பார்த்தது ஜிம்மி எல்லிஸ் என்ற வீரரோடு நடந்த காட்சிப் போட்டி, அதில் இருந்தது வயதான அலி. ஆனாலும் அவர்மேல் எனக்குப் பொறாமைதான்.

ஜோ லூயிஸுக்கும் அலிக்கும் இடைவெளி மயிரிழை. பட்டத்தை 25 முறை தொடர்ந்து காத்தவர், 1937-லிருந்து 1949 வரை சாம்பியன். ஹெவிவெயிட்டில் அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. அதைவிட எனக்கு முக்கியம் ஷ்மெலிங். லூயிஸ் ஜாப் விட்டதும் இடது கையைத் தாழ்வாக இறக்குகிறார் என்பதை அந்த ஜெர்மன் வீரர் படச்சுருளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். 1936-ல் அந்த இடைவெளியில் வலது கைக் குத்தை இறக்கி இறக்கி 12-வது ரவுண்டில் லூயிஸை வீழ்த்தினார். இரண்டு வருடம் கழித்து லூயிஸ் திருத்திக்கொண்டு வந்தார். யாங்கி ஸ்டேடியத்தில் 124 நொடியில் சண்டை முடிந்தது.

லெனாக்ஸ் லூயிஸ் மூன்றாவது இடத்தில் இருப்பதற்கும் இதே காரணம்தான். மெக்காலிடமும் ரஹ்மானிடமும் ஒரே அடியில் வீழ்ந்தார், இருவரையும் திரும்ப வந்து முடித்தார். தொழில்முறை ரிங்கில் தான் சந்தித்த ஒவ்வொருவரையும் ஒரு முறையாவது வென்றுவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

டெம்ப்சியைப் பத்துக்குள் சேர்க்காததைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் புதுச்சேரியில் எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் இருந்தார். அவருக்கு உலகத்தில் ஒரே குத்துச்சண்டை வீரர்தான், ஜார்ஜ் கார்பாந்தியே. 1921-ல் ஜெர்சி சிட்டியில் டெம்ப்சியோடு அவர் மோதியதை எங்களுக்குத் திண்ணையில் கையை மடக்கி நடித்தே காட்டுவார். இரண்டாவது ரவுண்டில் டெம்ப்சி ஆடிப்போகிற மாதிரி ஒரு வலது, அதிலேயே கார்பாந்தியேவின் கட்டைவிரல் உடைந்தது, நான்காவது ரவுண்டில் கதை முடிந்தது. டிக்கெட் வசூல் முதல் முறையாகப் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய சண்டை அது. ஆனால் கார்பாந்தியே, ஹெவிவெயிட்டுக்குக் கீழான லைட் ஹெவிவெயிட் எடைப் பிரிவின் சாம்பியன், எடை சுமார் 78 கிலோதான். அதே வருடங்களில் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரர் டெம்ப்சியோடு மோத வாய்ப்பு கேட்டுக் காத்துக்கொண்டே இருந்தார். காரணம் யாராக இருந்தாலும் அந்தச் சண்டை நடக்கவே இல்லை. மோதியிருக்க வேண்டிய ஆளோடு மோதாத சாம்பியனுக்கு என்னால் முழு மதிப்பெண் போட முடியாது. ஜாக் ஜான்சனும் பட்டம் வென்றபின் சாம் லாங்ஃபோர்டு என்ற மற்றொரு கறுப்பின வீரருக்கு வாய்ப்பு தரவில்லை, அதனால்தான் அவரும் ஏழுக்கு இறங்கினார்.

டைசன் விஷயத்தில் பசங்களின் கோபம் எனக்குப் புரிகிறது. 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் முடித்த டைசன் யாரையும் வீழ்த்தியிருக்கக்கூடியவர். ஒரே ஒரு இரவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவரை முதல் நான்கு பேருக்குள் வைப்பேன். ஆனால் நான் போட்டது முழு வாழ்க்கைக்கான வரிசை. 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் ஜாபால் அவரைத் தடுத்து நிறுத்தியபோது டைசனிடம் மாற்று வழி இருக்கவில்லை. ஹோலிஃபீல்டிடமும் அதேதான், இரண்டு முறை. பயப்படாத எதிராளியிடம் அவர் திணறினார்.

உசிக் இன்னும் ஆடிக்கொண்டிருப்பதால் பட்டியலில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அவரும் தோற்காதவர். ஆனால் ஜோஷுவா, ஃபியூரி, டுபுவா மூவரையும் தலா இரண்டு முறை வென்றிருக்கிறார், மூவருமே அவரைவிட உருவத்தில் பெரியவர்கள். இன்றைக்கு இடம் போடச் சொன்னால் மார்சியானோவுக்கு ஒரு படி மேலே வைப்பேன்.

பசங்களுக்கு ஒரே ஒரு சண்டை காட்டுவதானால் 1941-ல் நடந்த ஜோ லூயிஸ், பில்லி கான் சண்டையைக் காட்டுங்கள். பத்துக் கிலோவுக்கும் மேல் எடை குறைந்த கான் 12 ரவுண்டு முடிவில் முன்னிலையில் இருந்தார். விலகி விலகி ஆடியிருந்தால் பட்டம் கையில் வந்திருக்கும். நாக் அவுட் செய்தே தீருவது என்று நெருங்கிப் போனார். 13-வது ரவுண்டு முடிய இரண்டு நொடி இருக்கும்போது எழ முடியாமல் கீழே கிடந்தார். அந்த ரவுண்டில் லூயிஸின் கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள், எவ்வளவு சின்ன அடி எடுத்து வைக்கிறார் என்று. பார்த்துவிட்டும் டைசனுக்காகச் சண்டை போட நினைத்தால் அவர்களே எழுதி அனுப்பட்டும், அப்படியே வெளியிடுகிறேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.