வில்லை இழுத்ததும் கயோட்டி ஓடுகிறதா? அழைப்பானை நகர்த்துங்கள்

வில் வேட்டையில் கயோட்டி (ஓநாய்க்கு உறவான சிறிய வட அமெரிக்கக் காட்டு விலங்கு) உங்களை நேராகப் பார்க்கும்போது நாணை இழுக்காதீர்கள். அதன் தலை மரத்துக்கோ புதருக்கோ பின்னால் போகும் அந்த ஒரு நொடியில் இழுத்து, அப்படியே பிடித்திருங்கள். உங்களுடையது கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில் என்பதால் முழுதாக இழுத்தபின் சுமை வெகுவாகக் குறைந்துவிடும், கொஞ்ச நேரம் தாங்கலாம்.

25 கஜம் வரை வந்த கயோட்டி இழுத்ததும் தெறித்து ஓடுகிறது என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் முயல் அலறும் சத்தம் போட்டு அதை வரவழைக்கும் அழைப்பான் கருவி உங்கள் காலடியிலேயே இருப்பதுதான். சத்தம் வரும் இடத்தைத்தான் அது முறைத்துக்கொண்டே வரும்; அங்கே நீங்களும் இருக்கிறீர்கள்.

அழைப்பானை உங்களிடமிருந்து 20 கஜம் தள்ளி, காற்று வரும் பக்கமாக வையுங்கள். பக்கத்தில் ஒரு குச்சியில் இறகு கட்டித் தொங்கவிட்டால் கயோட்டியின் பார்வை அதிலேயே நிற்கும். மோப்பம் பிடிக்க, காற்று போகும் பக்கமாக கயோட்டி சுற்றி வரும். அந்தப் பாதை உங்கள் முன்னால் போகவேண்டும், முதுகுப்பக்கம் அல்ல. உட்காரும்முன் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தூவிப் பாருங்கள், காற்று எங்கே போகிறதென்று தெரிந்துவிடும்.

அப்புறம், 30 கஜத்துக்கு மேல் அம்பெய்ய முயலவேண்டாம். அடர்ந்த ரோமம் உடம்பைப் பெரிதாகக் காட்டும், அம்பு படவேண்டிய உயிர்நிலையோ (இதயம், நுரையீரல் இருக்கும் இடம்) சின்னது. நாண் சத்தம் அம்புக்கு முன்பே அதன் காதுக்குப் போய்விடும். பக்கவாட்டில் திரும்பி நின்றால் மட்டும் அம்பை விடுங்கள்.

மின்னணு அழைப்பான், இரவு வேட்டைக்கான விளக்கு பற்றிய விதிகள் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.