இம்பிளாண்ட் கோட்டிங்: கேளுங்கள், சொல்கிறேன்

உடம்புக்குள் வைக்கும் உலோகங்களின் மேல்பூச்சு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் உலோகமும் பூச்சும் படித்தவன், டாக்டர் இல்லை. "அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா" என்ற வகைக் கேள்விகளை அதனால் விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கையில் பிளேட் வைத்திருக்கிறார்கள் சார். உள்ளே துருப் பிடிக்காதா? கோட்டிங் போட்டுத்தான் வைப்பார்களா?

உடம்புக்குள் இருப்பது 37 டிகிரி சூட்டில் உப்புத்தண்ணீர். சாதா இரும்புக்கு அது ஆகவே ஆகாது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற சர்ஜன் எஃகு பிளேட் வைத்து முறிந்த எலும்பைச் சேர்த்துப் பார்த்தார். அந்தக் காலத்து எஃகு உள்ளேயே அரித்துப்போனது.

இன்று பிளேட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் போவது 316எல் ரக எவர்சில்வர் அல்லது டைட்டானியம். பெரும்பாலும் இவற்றுக்கு யாரும் தனியாகப் பூச்சு போடுவதில்லை. காற்றுப் பட்டதுமே டைட்டானியம் தன் மேல் சில நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனத்தில் ஆக்சைடு படலத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும். கீறினாலும் கண்ணிமைப்பதற்குள் மறுபடி மூடிவிடும். எவர்சில்வரில் இந்த வேலையைக் குரோமியம் ஆக்சைடு செய்கிறது. நைட்ரிக் அமிலத்தில் முக்கி எடுத்து அந்தப் படலத்தைச் சீராக்கித்தான் அனுப்புவார்கள். எவர்சில்வரின் பலவீனம் ஸ்க்ரூ தலையும் பிளேட் ஓட்டையும் உரசும் சந்து. அங்கே ஆக்சிஜன் சரியாகப் போகாது, உரசலும் உண்டு, படலம் மூட முடியாமல் தவிக்கும். கழற்றி எடுத்த பிளேட்டில் கறை இருந்தால் முதலில் அங்கேதான் தெரியும்.

கேள்வி: எக்ஸிபிஷனில் டைட்டானிய ஸ்க்ரூ நீலம், பச்சை, தங்க நிறத்தில் பார்த்தேன். பெயின்ட்டா?

பெயின்ட் இல்லை, சாயமும் இல்லை. மின்சாரம் செலுத்தி அதே ஆக்சைடைக் கொஞ்சம் தடிமனாக்குகிறார்கள். வோல்டேஜ் மாற மாற கனம் மாறும், கனம் மாறினால் ஒளி பட்டுத் திரும்பும் நிறம் மாறும். அளவுக்கு ஒரு நிறம் என்று வைத்திருப்பதால், அவசரத்தில் அளவு மாறிவிடாமல் எடுக்க இந்த நிறம் ஆபரேஷன் தியேட்டரில் உதவும். அவ்வளவுதான்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. கவரிங் கம்மல் போட்டாலே காது புண்ணாகிவிடும். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு "கோல்டு முட்டி" வைத்தால் அலர்ஜி வராது, ஆனால் விலை அதிகம் என்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

அந்தத் தங்க நிறத்தில் பொட்டுத் தங்கம்கூட கிடையாது. அது டைட்டானியம் நைட்ரைடு. உள்ளே இருப்பது வழக்கமான கோபால்ட் குரோமியம்தான். வெற்றிட அறையில் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேரவிட்டு, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குப் படியவைக்கிறார்கள். டிரில் பிட்டில் பார்க்கிறோமே, அதே பூச்சு.

கவரிங்கில் நிக்கல் இருக்கும், அதுதான் காதைப் புண்ணாக்குகிறது. கோபால்ட் குரோமியக் கலவையிலும் நிக்கல் துளியளவு உண்டு. அதனால் பயம் நியாயமானது. ஆனால் தோலில் நிக்கல் அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண மூட்டே தொந்தரவில்லாமல் ஓடுகிறது. தோலில் செய்யும் பேட்ச் டெஸ்ட்டை வைத்து மூட்டுக்குள் என்ன நடக்கும் என்று நம்பிச் சொல்ல முடிவதில்லை. பூச்சுப் போட்ட மூட்டையும் போடாததையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு வலியிலோ நடையிலோ பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. அம்மாவின் அலர்ஜியைச் சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் தங்க நிறத்தைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொரு வழி ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம். கருப்பாகப் பளபளக்கும். சிர்கோனியம் நையோபியம் கலவையைக் காற்றில் 500 டிகிரி அளவில் சூடாக்கினால், மேற்பரப்பே 5 மைக்ரான் அளவுக்குப் பீங்கானாக மாறிவிடும். வெளியிலிருந்து ஒட்டியதல்ல, உலோகத்திலிருந்தே வளர்ந்தது. எனக்கு இந்த வழி பிடிக்கும். விலை என்றால், 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முதல்முறை மூட்டு மாற்றுக்கு உச்சவரம்பு வைத்தபோது கோபால்ட் குரோமியத்துக்கு 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்சிஜனேற்றிய சிர்கோனிய ரகத்துக்கு 76,600 ரூபாய் என்று வைத்தது, வரி தனி. இரண்டுக்கும் இடையே அன்று இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அதைவிட ரொம்ப அதிகம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பில்லில் இம்பிளாண்ட் விலை, பிராண்டு, பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும்.

அதே நபர்: அப்போ அந்தத் தங்கப் பூச்சு உரிந்துவிடுமா?

நன்றாகப் போட்டால் லேசில் உரியாது. ஆனால் பயம் அடிப்படை இல்லாததும் இல்லை. மெத்தை மேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் மொறுமொறுப்பு, மெத்தை அமுங்கும், உடைவது அப்பளம். மென்மையான உலோகத்தின் மேல் கெட்டியான மெல்லிய பூச்சுக்கு இதே ஆபத்து. கோபால்ட் குரோமியம் டைட்டானியத்தைவிடக் கெட்டி என்பதால் அங்கே கொஞ்சம் பரவாயில்லை.

1990களில் ஜெர்மனியில் செயற்கை இடுப்பு மூட்டின் டைட்டானியப் பந்துகள் மேல் வைரம் போன்ற கார்பன் பூச்சுப் போட்டு வைத்தார்கள். சோதனைக்கூட இயந்திரத்தில் பிரமாதம். ஆட்கள் உடம்பில் சில ஆண்டுகள் போனதும் பலருக்கு மறு ஆபரேஷன். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் வழியே திரவம் உள்ளே போய், பூச்சுக்கு அடியிலிருந்து அரித்து, திட்டுத் திட்டாகப் பெயர்த்துவிட்டது. பெயர்ந்த துணுக்கும் கரடான பரப்பும் அந்தப் பந்து உட்கார்ந்து சுழலும் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தேய்த்துத் தள்ளின. அதனால் யாராவது புதுப்பூச்சு காட்டினால் எவ்வளவு கெட்டி என்று நான் கேட்பதில்லை. அடியோடு எப்படி ஒட்டியிருக்கிறது, ஓட்டை உண்டா என்றுதான் கேட்பேன்.

கேள்வி: இடுப்பு மூட்டுத் தண்டின் மேல் வெள்ளையாகக் கரடுமுரடாக இருப்பது என்ன?

ஹைட்ராக்ஸி அபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது, எலும்பின் கனிமத்துக்கு நெருங்கிய சொந்தம். 1985இல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் என்ற சர்ஜன் இந்தப் பூச்சுள்ள இடுப்பு மூட்டை வைத்தார். இது உலோகத்தைக் காப்பாற்ற அல்ல. எலும்பைக் கூப்பிட்டு ஒட்டவைக்க, தொடை எலும்புக்குள் இறங்கும் அந்தத் தண்டு சிமெண்ட் இல்லாமல் பிடித்து நிற்க.

செய்வது பிளாஸ்மா ஸ்பிரே, அதாவது பொடியை மிகச் சூடான வாயுச் சுடரில் உருக்கி மேலே பீய்ச்சுவது. சுடர் பத்தாயிரம் டிகிரிக்கு மேல், பொடி அதற்குள் இருப்பது நொடியில் சிறு துளி நேரம். அதிலேயே சூடு கூடினால் பொடி சிதைந்து, படிகமில்லாத கண்ணாடித்தன்மை ஏறும், உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடும். சூடு குறைந்தால் ஒட்டாது. இந்த நடுவாந்திரத்தைப் பிடிப்பதுதான் ஆபரேட்டரின் கைத்திறன். ஒட்டும் வலிமைக்குச் சர்வதேசத் தரம் சராசரி 15 மெகாபாஸ்கல் கேட்கிறது, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ இழுத்தாலும் தாங்க வேண்டும். கனம் பெரும்பாலும் 50 முதல் 150 மைக்ரான். தடிமன் கூடினால் நல்லது என்று நினைப்பார்கள், உண்மையில் விரிசல்தான் கூடும்.

கேள்வி: பல் இம்பிளாண்ட்டிலும் இதே பூச்சா?

முன்பு நிறைய போட்டார்கள். இப்போது மணல் அடித்து அமிலத்தில் அரித்த வெறும் டைட்டானியப் பரப்புதான் பரவலாக ஓடுகிறது.

கேள்வி: மருந்து தடவிய ஸ்டெண்ட் என்கிறார்களே, மருந்து தீர்ந்ததும் என்ன ஆகும்?

ஸ்டெண்ட் என்பது இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்க உள்ளே விடும் கம்பிவலைக் குழாய். நல்ல கேள்வி, இதற்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது. அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்ற முதல் மருந்து ஸ்டெண்டில் சைரோலிமஸ் மருந்து. ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது அது. ரத்தக்குழாய் மறுபடி சதை வளர்ந்து அடைப்பதை மருந்து நன்றாகவே தடுத்தது. ஆனால் மருந்தைப் பிடித்துவைத்திருந்த பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரியான பூச்சு), மருந்து போன பிறகும் அங்கேயே இருந்தது. 2006இல் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதயநோய் மாநாட்டில், வெகுநாள் கழித்து ரத்தம் உறைவது பற்றிப் பெரிய கவலை எழுந்தது. குழாயின் உள்சுவர் ஸ்டெண்ட்டை மூடத் தாமதமாவதும், பாலிமருக்கு உடம்பு காட்டிய எதிர்ப்பும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அப்புறம்தான் கம்பிகள் மெலிந்தன, உடம்பு ஏற்கும் பாலிமர்களும் தானே கரையும் பாலிமர்களும் வந்தன. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள் என்று இதய டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கதைதான்.

கேள்வி: மெட்டலர்ஜி மூன்றாம் ஆண்டு சார். மெக்னீசியம் ஸ்க்ரூவுக்குக் கோட்டிங் என்று புராஜெக்ட் எடுக்கலாமா? காலேஜில் பெரிய கருவி எதுவும் இல்லை.

தாராளமாக எடுக்கலாம். மெக்னீசியம் தானே கரைந்துபோகும், இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம். சிக்கல், அவசரமாகக் கரைகிறது. ஹைட்ரஜன் வாயு வருகிறது. எலும்பு சேரும்வரை தாக்குப்பிடித்து, பிறகு விலகிக்கொள்ளும் பூச்சுதான் தேவை. நிரந்தரமாகக் காக்கும் பூச்சு இங்கே தப்பு.

கருவி இல்லாததற்குக் கவலை வேண்டாம். மாதிரியை 37 டிகிரியில் உடல்திரவம் போன்ற கரைசலில் போட்டு, மேலே புனலையும் கவிழ்த்த பியூரெட்டையும் வைத்து வாயுவைப் பிடியுங்கள். ஒரு மில்லிகிராம் மெக்னீசியம் கரைந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் ஹைட்ரஜன். பூச்சுப் போட்டது, போடாதது, வேண்டுமென்றே ஒரு கோடு கீறியது என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கீறிய மாதிரியைப் பெரும்பாலான மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரூவைத் திருகும்போது பூச்சு கீறத்தான் போகிறது. வெறும் உப்புக்கரைசலில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். கார்பனேட், பாஸ்பேட் இருந்தால் வேகம் மாறும். கரைசலின் பிஎச் ஏறிவிடும், தினமும் மாற்றுங்கள்.